செஞ்சிக்கு வேன் பிடிக்கும் மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளை,

வாட்ஸ்அப்பில் மூன்று வரி தட்டிவிட்டு, "பதிலை மட்டும் விவரமா, கடிதமா எழுதுங்க மாமா" என்று கேட்கும் தைரியம் உனக்குத்தான் வரும். சரி, கேட்டுவிட்டாய். நைட்டி ஆர்டர் முடிந்த கையோடு கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, வேன் எடுத்துச் செஞ்சிக்கு வருகிறாயாம். அதற்கு முன் மூன்று விஷயம் தெரிய வேண்டுமாம். தேசிங்கு ராஜா கதை நிஜமா, புளுகா? ஒரே வார்த்தையில் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக் கோட்டை எப்படி மராத்தியர் கோட்டைப் பட்டியலில் ஏறியது? நம்ம ராஜபாளையம் பக்கம் மலை இல்லையா, ஜமீன் இல்லையா, ஏன் இப்படி ஒரு கோட்டை இல்லை?

ஒரே வார்த்தையெல்லாம் கிடையாது. ஒரே வார்த்தையில் முடிகிற சங்கதி என்றால் அதைப் பார்க்க ராத்திரி முழுக்க வேனில் உட்கார்ந்து வருவானேன்?

தேசிங்கிலிருந்தே தொடங்குகிறேன், இல்லாவிட்டால் உனக்குப் பொறுமை இருக்காது. நாம் தேசிங்கு என்கிறவனின் பெயர் தேஜ் சிங். புந்தேல்கண்டு ராஜபுத்திரன். இவன் அப்பா சொரூப் சிங்கை ஔரங்கசீப் 1700-இல் செஞ்சிக்குக் கில்லேதாராகப் போட்டார். கோட்டைக் காவல் அதிகாரி என்று வைத்துக்கொள். 1714-இல் அவர் இறந்ததும் மகன் வடக்கேயிருந்து வந்து அப்பா இடத்தில் உட்கார்ந்தான். டெல்லியில் அதற்குள் ஔரங்கசீப்பும் போய், அடுத்தடுத்துப் பாதுஷாக்களும் மாறியிருந்தார்கள். பாதுஷாவின் நியமனப் பத்திரமான புது சன்னது எங்கே, அப்பா வைத்த வரிபாக்கி எங்கே என்று ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கான் கேட்டார். இவன் இரண்டையும் தர மறுத்தான். 1714 அக்டோபர் 3-ஆம் தேதி நடந்த சண்டையில் செத்துப்போனான். வயது 22 என்கிறார்கள். கோட்டை இவன் கையில் இருந்தது ஏறக்குறைய பத்து மாதம்.

"அட, அவ்வளவுதானா? வரிபாக்கி கேஸா?" என்று நீ முகம் சுளிப்பது இங்கேயே தெரிகிறது. உன் வயதுக்காரர்கள் எல்லாரும் பண்ணுகிற தப்பு இது. ஆவணத்தில் ஒன்று இருந்து கதைப்பாட்டில் வேறொன்று இருந்தால், பாட்டைப் புளுகு என்று தள்ளிவிட்டு, பெரிய ஆராய்ச்சி முடித்த மாதிரி கையைத் தட்டிக்கொள்வீர்கள். கொஞ்சம் பொறு. ஐந்நூறு வருஷத்துக்கு மேல் எத்தனையோ பேர் ஆண்ட கோட்டை அது. அவ்வளவு பேரையும் விட்டுவிட்டு, பத்து மாதம் இருந்தவன் பெயரைச் சொல்லி "தேசிங்கு ராஜா கோட்டை" என்று ஏன் ஊரே கூப்பிடுகிறது? நீ கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான். அதற்குக் கோட்டையின் கதை முதலில் தெரிய வேண்டும்.

மலை என்றதும் செட்டியார்பட்டியில் மொட்டைமாடி ஏறினால் மேற்கே தெரிகிற பச்சை மலையை நினைத்துக்கொண்டு வராதே, ஏமாந்து போவாய். செஞ்சி மலைகள் மொட்டைப் பாறைகள். உருண்டை உருண்டையாகக் குவிந்து கிடக்கும். எது எதன்மேல் எப்படி நிற்கிறது என்றே புரியாது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை. மூன்றையும் முக்கோணமாக வளைத்து ஓடும் மதிலின் நீளம் ஏறக்குறைய 13 கிலோமீட்டர். ராஜகிரி மட்டும் சுமார் 800 அடி உயரம். ஏறி முடித்துவிட்டோம் என்று நீ பெருமூச்சு விடுகிற இடத்தில் ஒரு பிளவு குறுக்கே வரும். 24 அடி அகலம், 60 அடி ஆழம். அந்தக் காலத்தில் அதன்மேல் ஒரு மரப்பாலம். எதிரி வந்தால் எடுத்துவிடலாம். அப்புறம் ஒரு சின்ன வாசல். நாலு பேர் அங்கே உட்கார்ந்துகொண்டால் ஒரு படையை நிறுத்தலாம்.

இந்தப் பாறையில் முதலில் கோட்டை கட்டியது ராஜாவே இல்லை, ஆடு மேய்த்த ஒருவர் என்பது மரபு. ஆனந்தக் கோன். ஆடு மேய்க்கையில் புதையல் கிடைத்தது, ஆள் சேர்த்தார், 1200-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மலைமேல் கோட்டை எழுப்பினார், அதற்கு ஆனந்தகிரி என்று பெயர் வைத்தார். வாரிசு கிருஷ்ணக் கோன் பெயரில் கிருஷ்ணகிரி. இதையெல்லாம் எழுதிவைத்தது நாராயணன் என்பவர், 1800-களின் தொடக்கத்தில், கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரி ஒருவர் கேட்டதன் பேரில். 'கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்' என்று அதற்குப் பெயர். நடந்து அறுநூறு வருஷம் கழித்து எழுதியது, ஆகவே தலையில் தூக்கி வைத்துக்கொள்ளாதே. ஆனால் புதையல் கதையை விட்டுவிட்டு மிச்சத்தைப் பார். மழை எங்கே தேங்கும், எந்தச் சுனை வற்றாது, எந்த இடுக்கு வழியாக ஏறலாம் என்று ஒரு பாறைக் காட்டில் யாருக்குத் தெரியும்? ஆடு மேய்க்கிறவருக்குத் தெரியும். எனக்கென்னவோ இந்தக் கதையை நம்பத்தான் தோன்றுகிறது.

விஜயநகரத்தார் வந்தார்கள், அவர்களுக்குக் கீழ் நாயக்கர்கள் ஆண்டார்கள். இன்று நீ படம் எடுத்துத் தள்ளப்போகிற கல்யாண மகால், வெங்கடரமணர் கோயில் எல்லாம் நாயக்கர் காலத்துக் கட்டடங்கள். 1590-களின் இறுதியில் பிமென்டா என்ற சேசு சபைப் பாதிரியார் வந்து பார்த்துவிட்டு, இந்தியாவில் நாங்கள் பார்த்த ஊர்களில் இதுதான் பெரியது, போர்ச்சுக்கலில் லிஸ்பனைத் தவிர இதற்கு இணை இல்லை என்ற பொருளில் எழுதியிருக்கிறார். நாயக்கர்கள் கட்டியதில் வழிகாட்டிகள் அவசரமாகக் கடந்துபோகிற ஒன்றுண்டு: பிரம்மாண்டமான நெற்களஞ்சியங்கள். உன் கூட்டாளிகள் "கோடவுன்தானே" என்று தாண்டிப் போவார்கள். நீ உள்ளே போய் நில். கூப்பிட்டால் குரல் எதிரொலிக்கும். மலைக்கோட்டைக்குப் பீரங்கியைவிட நெல்லும் தண்ணீரும்தான் முக்கியம் என்று கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நாயக்கர்களைப் பற்றி இன்னொரு கதை, சுற்றுலாக்காரர்களுக்கு யாரும் சொல்வதில்லை. செஞ்சிப் பக்கத்துச் சமணர்கள் வழிவழியாகச் சொல்லிவருவது. நாயக்கர் ஒருவர் எல்லாச் சாதியிலிருந்தும் தனக்கொரு பெண் வேண்டும் என்றாராம். பிராமணர்கள், சமணர் கொடுத்தால் நாங்களும் கொடுக்கிறோம் என்று நழுவினார்களாம். சமணர்கள் சம்மதம் சொல்லி, பந்தலும் போட்டு, மாப்பிள்ளையாக நாயக்கர் வந்து இறங்கினால் வீட்டில் ஒரு ஆள் இல்லை. பந்தக்காலில் ஒரு பெட்டை நாய் கட்டியிருந்ததாம். அதற்குப் பிறகு தலைகள் உருண்டன. தப்பியவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள், சிலர் பூணூலையும் வழக்கத்தையும் மறைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள் என்று கதை முடியும். எந்த நாயக்கர், எந்த வருஷம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ஆனால் இந்தக் கதையை இத்தனை காலம் சொல்லிவந்தவர்களின் மடம் மேல்சித்தாமூரில் இன்றும் இருக்கிறது. தமிழ்ச் சமணர்களுக்குத் தலைமை மடம் அதுதான். அரண்மனையில் பிறந்த கதை ஒரு மாதிரி இருக்கும், அரண்மனைக்குப் பயந்தவர்கள் சொன்ன கதை வேறு மாதிரி இருக்கும். இரண்டையும் கேட்டுக்கொள்.

இப்போது கோட்டை எப்படியெல்லாம் கைமாறியது என்று பார். இங்கேதான் விஷயம் இருக்கிறது.

1649-இல் பிஜப்பூர் சுல்தானின் படை பிடித்தது. எப்படி? இதில் நம்ம ஊர் ஆளுக்கும் பங்குண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் மகால் கட்டிய அதே திருமலை நாயக்கர், விஜயநகர ராயரோடு பகை முற்றி, பிஜப்பூர்ப் படையைக் கூப்பிட்டார். வந்த படை கோல்கொண்டாக்காரர்களோடு பேசிக்கொண்டு செஞ்சியைச் சுற்றி வளைத்தது. மதுரைப் படை செஞ்சிக்கு உதவப் போகிறேன் என்று கோட்டைக்குள் நுழைந்தது. உள்ளே மதுரைக்காரர்களுக்கும் செஞ்சிக்காரர்களுக்கும் அடிதடி; அந்தக் கலவரத்தில் கதவு திறந்தது என்று அக்காலத்துப் பாதிரியார் ஒருவர் கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடந்த நாயக்கர் ஆட்சி இப்படி முடிந்தது.

1677-இல் சிவாஜி வந்தார். பெரிய முற்றுகை நடந்திருக்கும் என்று நினைப்பாய். கில்லேதாருக்குப் பணமும் ஜாகீரும் பேசி முடித்தார்கள், கோட்டை கைக்கு வந்தது. வந்தபின் மதிலையெல்லாம் இடித்துக் கட்டிப் பலப்படுத்துவதில் சிவாஜி கொட்டிய உழைப்புதான் பெரிது.

உன் இரண்டாவது கேள்விக்குப் பதில் இங்கே வருகிறது. சிவாஜி போய், அவர் மூத்த மகன் சம்பாஜியை மொகலாயர் கொன்றபின், இளையவர் ராஜாராம் மாறுவேஷத்தில் தப்பித் தெற்கே ஓடிவந்தார். 1689 இறுதியில் செஞ்சிக்குள் நுழைந்தார். அதிலிருந்து ஏறக்குறைய எட்டு வருஷம் மராத்திய அரசு நடந்தது செஞ்சியிலிருந்துதான். தர்பார், பதவி, நியமனம் எல்லாம் இந்தப் பாறையில். ஆகவே 2025 ஜூலையில் யுனெஸ்கோ 'மராத்திய ராணுவ நிலப்பரப்புகள்' என்று 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, 11 மகாராஷ்டிரத்திலும் ஒன்று இங்கேயும் இருந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. "நம்ம கோட்டையை அவங்க பேருக்கு எழுதிட்டாங்க" என்று உன் கூட்டாளி வேனில் குதித்தால், கட்டியவர் கோன், பெரிதாக்கியவர் தெலுங்கு பேசியவர், பலப்படுத்தியவர் மராத்தி பேசியவர், பாட்டில் வருகிறவன் இந்தி பேசியவன் என்று சொல்லி உட்காரவை. வேனில் தெலுங்கு பேசுகிற ராஜபாளையத்து ராஜுக்கள் யாராவது இருந்தால் சிரிப்பார்கள்.

ராஜாராமைப் பிடிக்க ஔரங்கசீப் அனுப்பிய தளபதி சுல்பிகர் கான். 1690-இல் வந்து கூடாரம் போட்டவர் 1698 தொடக்கத்தில்தான் உள்ளே போனார். உலகத்தில் நீண்ட முற்றுகைகளில் ஒன்று. ஆனால் வீரத்தை மட்டும் நினைத்துக்கொள்ளாதே. நடுவில் மராத்தியக் குதிரைப்படை வந்து முற்றுகையிட்டவர்களையே முற்றுகையிட்டு, தானியம் வரவிடாமல் தடுத்து, மொகலாயப் படை பசியில் வாடி வந்தவாசிக்குப் பின்வாங்கியது. பாதுஷாவின் சொந்த மகன் காம் பக்ஷ் கோட்டைக்குள்ளிருப்பவர்களோடு ரகசியமாகப் பேசுகிறார் என்று அவரையே கைது செய்து வைத்தார்கள். சுல்பிகர் கானும் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்று பேச்சு கிளம்பியது. கடைசியில் கோட்டை விழுந்தபோது ராஜாராம் அதில் இல்லை. விழுவதற்கு முன்பே நழுவி மகாராஷ்டிரம் போய்விட்டார்.

தேசிங்குக்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 1750 செப்டம்பரில் புஸ்ஸி தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே ராத்திரியில் வெடிவைத்துக் கதவுகளைத் தகர்த்து, விடிவதற்குள் மூன்று மலையையும் பிடித்தார்கள். எட்டு வருஷம் பிடிக்காத கோட்டை ஒரு ராத்திரியில்! பிடித்தவர்களுக்கே நம்ப முடியாமல் இருந்ததாம். பதினோரு வருஷம் கழித்து, புதுச்சேரி இங்கிலீஷ்காரர் கையில் விழுந்தபின், மேலே தனியாக நின்ற பிரெஞ்சுக் காவல்படை 1761 ஏப்ரலில் நிபந்தனை பேசி இறங்கியது. அதன்பின் ஹைதர் அலி கொஞ்ச காலம் வைத்திருந்தார். அப்புறம் யாருக்கும் வேண்டாத இடமாகி, காடு மண்டியது. வெங்கடரமணர் கோயில் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்கு வண்டியேற்றினார்கள். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றனவே, அவை செஞ்சித் தூண்கள் என்றுதான் சொல்கிறார்கள். அங்கே நின்று நீ செல்ஃபி எடுத்து எனக்கே அனுப்பியிருக்கிறாய்.

இப்போது எண்ணிப் பார். உள்சண்டை, பேரம், நழுவல், ராத்திரி வெடி, நிபந்தனை. இவ்வளவு உயரமான பாறையில் இருந்த தலைவர்களில் யாரும் அதைக் கடைசிவரை பிடித்து நிற்கவில்லை. பேசிக் கொடுத்தார்கள் அல்லது பின்பக்கமாகப் போனார்கள். அதில் தப்பொன்றும் சொல்லமாட்டேன். உயிரோடிருந்தால்தான் நாளைக்கு ராஜ்யம். ராஜாராம் நழுவியதால்தான் மராத்திய அரசே பிழைத்தது. ஆனால் எந்தக் கிராமத்தில் எந்தப் பாட்டுக்காரன் பேரத்தைப் பற்றிப் பாடுவான்?

தேசிங்கு ஒருத்தன்தான் மலையை விட்டுத் தானாக இறங்கினான். நவாபின் படை ஆயிரக்கணக்கில். இவனிடம் சில நூறு குதிரை. கதவை மூடிக்கொண்டு மேலே உட்கார்ந்திருக்கலாம். களஞ்சியம் இருக்கிறது, சுனை இருக்கிறது, பிளவின் மேல் பாலம் இருக்கிறது. ஒரு மாதம் தாக்குப்பிடித்தால் பேரம் தொடங்கியிருக்கும், செஞ்சியின் வழக்கம் அதுதானே. இவன் வெட்டவெளிக்குப் போனான். ஆற்றில் வெள்ளம், படையில் ஒரு பகுதிதான் அக்கரை சேர்ந்தது. நண்பன் மகபத்கான் விழுந்தான், குதிரை விழுந்தது, இவனும் விழுந்தான். யுத்த சாஸ்திரப்படி பார்த்தால் சுத்த முட்டாள்தனம். அவனை நம்பிப் பின்னால் போன குதிரைக்காரர்களுக்கும் வீட்டில் பிள்ளைகுட்டி இருந்திருக்கும். அவர்கள் பெயர் பாட்டில் இல்லை. இதையும் சேர்த்து யோசி, வெறும் விசிலடிக்காதே.

தேசிங்கு கதைப்பாட்டு இந்த முட்டாள்தனத்துக்குக் காரணம் தேடித் தருகிறது. டெல்லியில் யாருக்கும் அடங்காத ஒரு குதிரை. அதை அடக்க முடியாமல் தேசிங்கின் அப்பா சிறையில் கிடக்கிறார். சின்னப் பையன் போய் அடக்கி, அப்பாவை மீட்டு, குதிரையோடு திரும்புகிறான். மகபத்கான் தன் கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து நண்பனுக்காகப் போருக்கு வருகிறான். 1960-இல் எம்.ஜி.ஆர். நடித்த 'ராஜா தேசிங்கு' வந்தபோது நம்ம பக்கத்துக் கொட்டகைகளிலும் ஓடியது. உன் தாத்தாவைக் கேட்டால் சினிமாவும் சரித்திரமும் கலந்து இன்னொரு கதை கிடைக்கும்.

எனக்குப் பிடித்த பகுதி சிங்கவரம். செஞ்சிக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் பாறையைக் குடைந்த ரங்கநாதர் கோயில். ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி போலவே பள்ளிகொண்ட பெருமாள், பெரிய உருவம். போருக்கு முன் தேசிங்கு போய் உத்தரவு கேட்டானாம். இன்றைக்கு வேண்டாம் என்றாராம் பெருமாள். இவன் கேட்காமல் கிளம்பவும், பார்க்கப் பொறுக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். உள்ளே போனால் பட்டரே காட்டுவார், முகம் சற்றுத் திரும்பியிருக்கும். அந்தக் கோயில் பல்லவர் காலத்தது; தேசிங்கு பிறப்பதற்கு ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முன்பு உளி பட்ட கல். "அப்போ புளுகுதானே மாமா" என்று அங்கே வாயைத் திறந்து தொலைக்காதே. அந்தக் கதையைச் சொன்னவர்கள் தேசிங்கைப் புகழவில்லை, கவனித்தாயா? போகாதே என்று சாமியே சொல்லியும் போனான் என்கிறார்கள். அவன் செய்தது தப்பு என்று தெரிந்தும் அவனை விட்டுக்கொடுக்க மனசில்லாதவர்கள் கட்டிய கதை அது. யுத்த சாஸ்திரக்காரன் சொல்வதைத்தான் பெருமாளும் சொல்லியிருக்கிறார்.

கல் முன்னாலேயே இருக்கும், கதை பின்னால் வந்து உட்காரும். இது உனக்குத் தெரியாததா? ஆண்டாளுக்குப் பூஜை முடிந்த மணி கேட்டபிறகுதான் மதுரையில் திருமலை நாயக்கர் சாப்பிடுவார், அதற்காக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைவரை மணிமண்டபம் கட்டினார் என்று சின்ன வயதில் எத்தனை தடவை கேட்டிருப்பாய். அதே கதையைத் திருச்செந்தூருக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் நடுவில் கட்டபொம்மன் பேரில் சொல்கிறார்கள். மண்டபங்கள் ரோட்டோரம் நிற்கின்றன, கதை ஆள் மாறிக்கொண்டிருக்கிறது. செஞ்சியில் 'கைதிக் கிணறு' என்று ஒரு பாறையைக் காட்டுவார்கள். மேலே சின்னச் சுவர், நடுவில் ஓட்டை, மரண தண்டனைக் கைதிகளை உள்ளே தள்ளிப் பட்டினி போட்டுக் கொன்றார்கள் என்பார்கள். அந்தப் பொந்து மட்டும் நிச்சயம். எட்டிப் பார்க்கிறேன் என்று நீ தலையை விடாமல் இருந்தால் சரி.

இன்னொரு தப்பை உன் கூட்டாளிகளில் யாராவது நிச்சயம் பண்ணுவார்கள்: இதை இந்து ராஜாவுக்கும் முஸ்லிம் நவாபுக்கும் நடந்த சண்டையாக்குவது. தேசிங்குக்காக முதலில் விழுந்தவன் மகபத்கான். அவனுக்கும் குதிரைக்கும் நீலாம்பூண்டியில் சமாதி இருக்கிறது. சாதத்துல்லா கான் தன் வெற்றிக்கு அடையாளமாக 1717-18-இல் கட்டிய பள்ளிவாசல் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. அவர்தான் தேசிங்கின் உடலை மரியாதையோடு தகனம் செய்ய வைத்தவர் என்கிறார்கள். செட்டிக்குளக் கரையில் அந்த இடத்தைக் காட்டுவார்கள். அவன் இளம் மனைவி அங்கேயே தீயில் இறங்கினாள். அவள் நினைவாக நவாபு ஏற்படுத்திய ஊர்தான் ராணிப்பேட்டை என்பது வழக்கு. பாட்டு அந்தத் தீயைப் பெருமையாகப் பாடும். எனக்கு அதில் பெருமை ஒன்றும் தெரியவில்லை. அவளுக்குத் தேசிங்கைவிடவும் வயது குறைவு.

மூன்றாவது கேள்வி. நம்ம பக்கம் ஏன் இல்லை? இருந்தது, நீ பார்க்கவில்லை. செட்டியார்பட்டியிலிருந்து சேத்தூர், சிவகிரி தாண்டிப் போனால் வாசுதேவநல்லூர். அங்கே பாளையக்காரர்களின் மண்கோட்டையை 1767-இல் டொனால்டு கேம்ப்பெல் என்ற இங்கிலீஷ் தளபதி பீரங்கி வைத்து அடித்தார். கல் மதில் என்றால் குண்டு பட்டுச் சிதறும். மண் மதில் குண்டை விழுங்கிவிடும். பிளந்த இடத்தையும் உள்ளிருந்தவர்கள் வைக்கோலும் பனைமரமும் ஈரமண்ணுமாக அடைத்துக்கொண்டே இருந்தார்கள், சுடச்சுட அடைத்தார்கள். கடைசியில் மழை கொட்டிய ஒரு ராத்திரியில் வெளியேறிவிட்டார்கள். கேம்ப்பெல்லே அவர்களைப் புகழ்ந்துதான் எழுதினார். பிரெஞ்சுப் படை ஒரே ராத்திரியில் செஞ்சியைப் பிடித்ததையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் வருத்தப்படு. மண்கோட்டையில் ஒரு குறைதான்: இடித்தால் தடம் இருக்காது, மழை கரைத்துவிடும். பாளையக்காரர் போர் முடிந்ததும் கும்பினி இடித்துத் தள்ளியபோது அதுதான் நடந்தது. மேடு மட்டும் மிஞ்சும், அதன்மேல் சீமைக்கருவேலம் முளைக்கும், நீ வேனில் தாண்டிப் போவாய்.

இனி வழி சொல்கிறேன். விடிகாலையிலேயே வந்து இறங்குங்கள். ராஜகிரிக்கு மதியத்துக்கு மேல் ஏற விடமாட்டார்கள். விட்டாலும் அந்தப் பாறைச் சூட்டில் உன்னால் ஏற முடியாது, பரோட்டாவும் பால்கோவாவுமாய் வளர்ந்த உடம்பு. ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர். கையில் தின்பண்டப் பை தொங்கவிட்டால் குரங்கு வந்து வாங்கிக்கொள்ளும், கேட்டு வாங்காது. ஏறும்போது வழியில் கமலக்கன்னி அம்மன் கோயில். இந்த மலைக்குக் காவல். கோட்டை யார் யாருக்கோ கைமாறியபோதும் அவள் மாறவில்லை. கும்பிட்டுவிட்டு ஏறு.

இறங்கியதும் எல்லாரும் கிருஷ்ணகிரியைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்பார்கள். நீ அவர்களைத் திருநாதர்குன்றுக்கு இழுத்துப் போ. செஞ்சிக்குப் பக்கத்திலேயே ஒரு பாறை, அதில் 24 தீர்த்தங்கரர்கள் வரிசையாக. அங்கே ஒரு பழைய கல்வெட்டு: சந்திரநந்தி ஆசிரியர் என்ற சமண முனிவர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர்விட்ட இடம் என்கிறது. ஆனந்தக் கோன் கோட்டை கட்டுவதற்குப் பல நூறு வருஷம் முந்தியது. களஞ்சியம் கட்டி, முற்றுகை போட்டு, வயிற்றைக் காட்டி மிரட்டித்தான் அத்தனை பேரும் இந்த ஊரை ஆண்டார்கள். அந்த மிரட்டல் பலிக்காத ஆள் ஒருவர் அவர்களுக்கெல்லாம் முன்பே இங்கே இருந்துவிட்டுப் போயிருக்கிறார்.

பிற்பகல் சிங்கவரம், அப்புறம் நீலாம்பூண்டி, நேரமிருந்தால் மேல்சித்தாமூர். ராத்திரி நம் வீட்டில் சாப்பாடு. எத்தனை பேர் என்று மட்டும் இரண்டு நாள் முன்னால் உன் அத்தைக்குச் சொல்லிவிடு, போன தடவை மாதிரி வாசலில் வந்து நின்றுகொண்டு சொல்லாதே. வாசுதேவநல்லூர் மேட்டை ஒருநாள் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு, என்ன மிச்சமிருக்கிறது என்று எழுது. படம் வேண்டாம், எழுது.

அன்புடன்,
மாமா